மறைந்த அப்பாவின் பந்தய இன்ஜின் கொட்டகையைத் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்தில் யெஸ்டி, ராஜ்தூத் 350, புல்லட் பைக் இன்ஜின்களையும் ஃபியட் கார் இன்ஜின்களையும் பிரித்து, பந்தயத்துக்கென்று மறுபடி சேர்த்தவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய ஓட்டுக் கொட்டகைகளும், பின்கட்டில் அடுக்கிய மரப்பெட்டிகளும் பல வீடுகளில் பூட்டியபடியே இருக்கின்றன. என் அப்பாவின் கொட்டகையை அவர் போய் ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்தேன். அதன் பிறகு அதே நிலையில் இருந்த மூன்று குடும்பங்களுக்கு உடனிருந்து உதவினேன். நான்கு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே தவறுகள்தான் நடந்தன; திரும்பச் சரிசெய்ய முடியாத தவறுகள் எல்லாமே முதல் இரண்டு நாட்களுக்குள் நடந்தன.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசையே முக்கியம். பதிவு செய்வது முதலில், படிப்பது இரண்டாவது, அளப்பது மூன்றாவது, கேட்பது நான்காவது, கழுவுவது அதற்கும் பிறகு. பெரும்பாலானோர் கழுவுவதில் தொடங்குகிறார்கள்.

1. பூட்டைத் திறப்பதற்கு முன்

முதலில் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். அந்தப் பெட்டிகள் உங்கள் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. எல்லோரும் சம்மதித்து, மூன்று மாதங்களுக்கு எதையும் விற்பதில்லை, காயலான் கடைக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. அந்த அவகாசம் வேலைக்கும் தேவைப்படும்.

அடுத்தது பாதுகாப்பு. பூட்டிக் கிடந்த கொட்டகையில் பாம்பும் தேளும் இருக்கலாம். முழுக்காலணியும் தடித்த கையுறையும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவைத்து ஒரு மணி நேரமாவது காற்றோட விடுங்கள். பழைய பெட்ரோல் கேன்களை மூக்கில் வைத்து மோந்து பார்க்காதீர்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் முழுவதும் நிறுத்தப்பட்டது; அதற்கு முந்தைய கேன்களின் அடிக்கசடில் ஈயம் இருக்கும். பந்தயத்துக்கு மெத்தனாலும் பயன்பட்டது. அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் (பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை ஊதவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது.

கையோடு வைத்திருக்க வேண்டியவை: நல்ல கேமரா உள்ள போன், அடிக்கோல், கயிறு கட்டிய அட்டைச் சீட்டுகள், பென்சில், பல அளவுகளில் ஜிப் கவர்கள், டார்ச், காந்தம், வெர்னியர் (நுண் அளவுகோல்), ஒரு நீண்ட நோட்டு. பேனா வேண்டாம், எண்ணெய் பட்டால் மை கலைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

2. முதல் நாள் எதையும் நகர்த்தாதீர்கள்

இன்ஜின் வேலை செய்தவர் தன் பொருட்களை வைத்த இடமே அவர் விட்டுப்போன குறிப்பு. ஒரு சிலிண்டரின் அருகில் ஒரு ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி), அதன் மேல் ஒரு கேஸ்கெட், அதற்குள் சுருட்டிய ஒரு காகிதம் என்று இருந்தால், அவை நான்கும் ஒரே இன்ஜினுக்குரியவை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எடுத்து வெவ்வேறு பெட்டிகளில் பிரித்துப் போட்ட பிறகு அந்தத் தொடர்பை யாராலும் மீட்க முடியாது.

எனவே வாசலில் நின்று முழு அறையையும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு அலமாரித் தட்டு, ஒவ்வொரு பெட்டியின் மேற்பரப்பு என்று நெருங்கி வாருங்கள். தட்டுகளுக்கு எண் கொடுங்கள்: இடச்சுவர் 1, 2, 3 என்று. ஒரு பொருளை எடுக்கும்போது தட்டு எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய சீட்டை முதலில் கட்டுங்கள், பிறகு கையில் எடுங்கள். ஒரு பெட்டியை முழுதாகக் கொட்டாமல் அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடியுங்கள்.

நான் உதவிய ஒரு வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டுகள் (எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னத் திருகுகள்) ஒரு செம்புக் கம்பியில் கோர்த்துக் கிடந்தன. பதினெட்டு ஜெட்டுகள், நடுவில் இரண்டு இடங்களில் சின்ன ரப்பர் வாஷர்கள். மகன் மகிழ்ச்சியில் கம்பியை உருவி எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டார். வாஷர்கள் ஏன் அங்கே இருந்தன என்பது நோட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது: மூன்று வெவ்வேறு இன்ஜின்களின் ஜெட்டுகளை அவை பிரித்துக் காட்டின. பல ஜெட்டுகளில் எண்ணின் மேல் அரத்தால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. துளையைப் பெரிதாக்கிவிட்டதால் பொறித்த எண் இனிச் செல்லாது என்பதற்கு அவர் வைத்த அடையாளம் அது. அந்தப் பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் துளை அளந்து மறுபடி மூன்றாகப் பிரிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

சுவரிலும் கதவிலும் சாக்குக் கட்டியாலோ பென்சிலாலோ எழுதிய எண்கள் இருக்கும். வெள்ளையடிப்பதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

3. நோட்டுப் புத்தகத்தைப் படித்தல்

நோட்டை எடுத்தவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். அதில் நீங்கள் எதையும் எழுதாதீர்கள், பென்சிலால்கூட. உங்கள் குறிப்புகளுக்குத் தனி நோட்டு வேண்டும். இல்லையென்றால் ஐந்து ஆண்டு கழித்து எது அவர் எழுத்து, எது உங்கள் எழுத்து என்று குழப்பம் வரும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அலகுகள். அந்தத் தலைமுறை ஒரே பக்கத்தில் மூன்று அளவு முறைகளைக் கலந்து எழுதும். லேத் பட்டறையில் பழகியவர்கள் நுண்ணிய இடைவெளியைத் 'தௌ' கணக்கில் சொல்வார்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. 'பிஸ்டன் 3' என்று இருந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே மூன்று தௌ, சுமார் 0.075 மி.மீ. இடைவெளி என்று கொள்ள வேண்டும். பெரிய அளவுக்கு 'நூல்' வரும். ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 'எக்ஸாஸ்ட் அரை நூல் மேல்' என்றால் எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் துளையின்) மேல் விளிம்பைச் சுமார் 1.6 மி.மீ. உயர்த்தியிருக்கிறார். 'பேப்பர் 2' என்று இருந்தால் சிலிண்டருக்கு அடியில் இரண்டு காகித கேஸ்கெட் என்று பொருள்.

இக்னிஷன் டைமிங்கிலும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்திலும், கவனம் தேவை. ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவம். அதற்கு ஸ்டாக் (கம்பெனி வைத்த) டைமிங், பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பு. அதன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம்) 54 மி.மீ., கனெக்டிங் ராடின் (பிஸ்டனைச் சுழலும் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) நீளம் 110 மி.மீ. என்பதால் அந்த 2.0 மி.மீ. கிராங்க் சுழற்சியில் கிட்டத்தட்ட 20 டிகிரிக்குச் சமம். ஒரு பக்கத்தில் '2.0' என்றும் இன்னொரு பக்கத்தில் '20' என்றும் இருந்ததைப் பார்த்து, அப்பா டைமிங்கைப் பத்து மடங்கு மாற்றினாரா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். இரண்டும் ஒரே டைமிங். முதலில் மி.மீ. காட்டும் டயல் கேஜிலும் பின்னர் கோணம் காட்டும் டிகிரி வீலிலும் அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கம்ப்ரஷன் விகிதமும் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு) இதே போன்றது. ஆர்.டி. 350-இன் ஒரு சிலிண்டர் 173.7 சி.சி. ஹெட் கொள்ளளவு 19 சி.சி. என்று வைத்து முழு ஸ்ட்ரோக்கைக் கணக்கிட்டால் விகிதம் சுமார் 10.1. எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் அழுத்தம் தொடங்குகிறது என்று ஜப்பானியர் முறையில் கணக்கிட்டால், போர்ட்டின் மேல் விளிம்பு சிலிண்டர் உச்சியிலிருந்து 32.6 மி.மீ. கீழே இருக்கும்போது, அதே ஹெட்டின் விகிதம் சுமார் 6.5. நோட்டில் வெறும் எண் மட்டும் இருந்தால் எந்த முறை என்று தெரியாமல் ஹெட்டை மேற்கொண்டு சீவிவிடாதீர்கள்.

ஸ்பார்க் பிளக் எண்களுக்கும் எச்சரிக்கை உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை (சூட்டை வேகமாக வெளியேற்றுவது). பழைய பாஷ், மைக்கோ எண்களில் (175, 225 போன்றவை) அதே திசை. பின்னால் வந்த ஒற்றை இலக்க பாஷ் எண்களில் திசை தலைகீழ். எனவே நோட்டில் பிளக்கின் எண் இருந்தால் அது எந்தக் கம்பெனி என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

4. பெயர் சொல்வதற்கு முன் அளங்கள்

பார்த்த மாத்திரத்தில் 'இது யெஸ்டி சிலிண்டர்' என்று எழுதிவிடுவது பொதுவான பிழை. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் இரண்டையும் அளந்த பிறகே பெயர் எழுதுங்கள். ஜாவா, யெஸ்டி 250-க்கு 65 × 75 மி.மீ.; ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு எக்ஸாஸ்ட் வாய் இருப்பது இதன் எளிய அடையாளம். ராஜ்தூத் 350-க்கு 64 × 54. புல்லட் 350-க்கு 70 × 90. யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு 50 × 50. இந்திய ஃபியட் 1100 டி, பிற்காலப் பத்மினி 1089 சி.சி. இன்ஜினுக்கு 68 × 75.

போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். தேய்மானம் ஒரே சீராக இருக்காது. பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியின் (கீழ்ப்பக்கச் சுவரின்) அடியில், பிஸ்டன் பின்னுக்கு (ராடோடு இணைக்கும் சிறு தண்டுக்கு) குறுக்காக அளக்க வேண்டும். மேற்பகுதி வேண்டுமென்றே சிறியதாகச் செய்யப்பட்டது. பிஸ்டன் தலையில் 0.25, 0.50, 1.00 போன்ற ஓவர்சைஸ் எண் (ஸ்டாக் அளவைவிட எத்தனை மி.மீ. பெரியது என்பது) பொறித்திருக்கும். யமஹா பிஸ்டனில் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

யமஹா பாக எண்ணின் முதல் மூன்று எழுத்துகள், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். வேறு மாடலின் எண் உள்ள பாகம் அந்த இன்ஜினில் இருந்தால் அதைத் தவறான பாகம் என்று ஒதுக்காதீர்கள். அவர் தேடிப் பிடித்துப் பொருத்தியதாக இருக்கலாம்.

உடைந்த பாகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டை விழுந்த பிஸ்டன், கீறல் விழுந்த பிஸ்டன், முறிந்த ரிங் ஆகியவற்றைப் பார்த்தவுடன் குப்பை என்று எண்ணுவார்கள். இன்ஜின் வேலை செய்பவர் அவற்றைக் காரணத்தோடுதான் வைத்திருப்பார். தலையில் உருகிய ஓட்டை, கலவை ஒல்லியாகப் போனதையோ (எரிபொருள் குறைந்து காற்று கூடியதையோ) டைமிங் அதிகம் முந்தியதையோ காட்டும்; நான்கு மூலையிலும் கீறல், இடைவெளி போதாமல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்ததைக் காட்டும். என் அப்பாவின் பெட்டியில் இருந்த ஏழு பழுதான பிஸ்டன்களின் உட்பக்கத்தில் கூர்முனையால் தேதி கீறியிருந்தது. நோட்டில் அதே தேதிகளைத் தேடியபோது ஒவ்வொன்றும் எந்த ஜெட்டில், எந்த டைமிங்கில் போனது என்று தெரிந்தது. பெட்டியிலேயே பயன் அதிகமான பொருட்கள் அவைதான்.

5. கைவேலையின் தடங்களைப் பதிவு செய்தல்

ஸ்டாக் பாகத்துக்கும் பந்தயப் பாகத்துக்கும் உள்ள வேறுபாடு சில இடங்களில்தான் தெரியும். போல்ட் தலையில் லாக் ஒயருக்கான (கழலாமல் கட்டும் கம்பிக்கான) சிறு துளை, லேத்தில் எடை குறைத்த ஃப்ளைவீல், பிஸ்டன் பாவாடையில் வெட்டிய சன்னல், கூம்புக் கூம்பாக வெட்டி வெல்டிங் செய்த சைலன்சர், போர்ட் விளிம்பில் கையால் போட்ட சரிவு ஆகியவற்றைப் பாருங்கள். சென்டர் பஞ்சால் வைத்த புள்ளிகளையும் தேடுங்கள். ஒரு புள்ளி உள்ள பாகம் ஒரு புள்ளியோடும், இரண்டு புள்ளி இரண்டோடும் சேரும். ஃபியட் போன்ற நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடியாகவே குடைந்தவை. அவற்றை மாற்றிப் போட்டால் துளை வட்டமாக இருக்காது, பேரிங் பிடித்துவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரில் கட்டாயம் எடுக்க வேண்டியது போர்ட் வரைபடம். ஒரு தடித்த வெள்ளைத் தாளை போருக்குள் சுற்றி ஒட்டினாற்போல் நிறுத்தி, மேல் விளிம்பைச் சிலிண்டர் உச்சியோடு சரியாக வையுங்கள். கரி தொட்ட விரலால் உள்ளிருந்து மெதுவாகத் தேய்த்தால் எல்லாப் போர்ட்டுகளின் விளிம்பும் தாளில் விழும். தாளை விரித்தால் போர்ட்டுகளின் உயரம், அகலம், ஒன்றோடொன்று உள்ள உறவு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். சிலிண்டரின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் அதில் பார்க்கலாம்.

இந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். ஆர்.டி. 350-இல் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரை நூல் உயர்த்தினால், திறப்பில் சுமார் மூன்றரை டிகிரியும் மூடுவதில் அதே அளவும் சேர்ந்து, போர்ட் திறந்திருக்கும் காலம் ஏறக்குறைய ஏழு டிகிரி கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவு அரம் போட்ட வேலை, இன்ஜினின் குணத்தையே மேல் வேகத்துக்கு மாற்றிவிடும். தாள் இல்லாமல் அந்த வேலையைப் பின்னால் யாரும் திரும்பச் செய்ய முடியாது.

ஹெட் கொள்ளளவை ப்யூரெட்டாலும் (சி.சி. குறித்த கண்ணாடிக் குழாய்) நடுவில் துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டாலும் அளங்கள். இரண்டு முறை அளந்து வேறுபாடு அரை சி.சி.க்கு மேல் வந்தால் மூன்றாம் முறை அளக்க வேண்டும். பெரும்பாலும் காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும்.

6. உடன் வேலை செய்தவர்களைக் கேட்டல்

இதைக் கழுவுவதற்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. வேலை தெரிந்தவர் கரியின் நிறத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். போர் குடைந்த லேத் பட்டறைக்காரர், ஓட்டிய ரைடர், வெல்டிங் செய்தவர் ஆகிய மூவரையும் தேடுங்கள். பலருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும்; தள்ளிப்போடாதீர்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு போங்கள்; முடிந்தால் அவரைக் கொட்டகைக்கு அழைத்து வாருங்கள். 'இது எவ்வளவு போகும்' என்று விலையில் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். 'இதில் அப்பா என்ன செய்திருக்கிறார்' என்று கேளுங்கள். என் அப்பாவின் நண்பர் ஒருவர் வந்து, அலமாரியில் நான் ஒரே மாதிரி என்று ஒன்றாக வைத்திருந்த இரண்டு யெஸ்டி ஹெட்டுகளையும் எடுத்து, உட்குழியைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். "தம்பி, இது மழைக்கு, அது வெயிலுக்கு. சேர்த்து வெக்காதீங்க" என்றார். பிறகு அளந்தபோது ஒன்றில் இரண்டு சி.சி. கூடுதலாக இருந்தது. அனுமதி கேட்டு அவர் பேச்சைப் பதிவு செய்துகொண்டேன். நோட்டில் புரியாமல் இருந்த 'வெ', 'ம' என்ற எழுத்துகளுக்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது.

7. இறுகிப்போன இன்ஜின்

கிக்கரை மிதிக்காதீர்கள். ரிங் துருவால் ஒட்டியிருந்தால் அந்த ஒரு மிதியில் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறும். முதலில் பிளக்கைக் கழற்றி, துருவைத் தளர்த்தும் எண்ணெயை உள்ளே ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு கார்புரேட்டரையும் சைலன்சரையும் எடுத்துவிட்டுப் போர்ட் வழியாக டார்ச் அடித்து உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதை முற்றிலும் தவிருங்கள்.

ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் துரு அல்லாத காரணமும் இருக்கலாம். பந்தயக்காரர்கள் விளக்கெண்ணெய் அடிப்படையிலான காஸ்ட்ரால் ஆர் போன்ற எண்ணெயை விரும்பினார்கள். அது ஆண்டுக்கணக்கில் நின்றால் பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதைச் சரியாகக் கரைக்காது, ஸ்பிரிட் (ஆல்கஹால்) கரைக்கும். பழுப்புப் பிசின் தெரிந்தால் ஸ்பிரிட்டுக்கு மாறுங்கள். தீயிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில் செய்யுங்கள்.

8. சுத்தம் செய்தல்

இப்போதுதான் கழுவலாம். மென்மையானதில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கடினமானதற்குப் போங்கள்: முதலில் உலர்ந்த மயிர்த் தூரிகை, பிறகு மண்ணெண்ணெய், பிறகு பித்தளைத் தூரிகை. எழுத்தோ சாக்குக் கோடோ உள்ள இடத்தை மட்டும் தொடாமல் விடுங்கள். என் அப்பா ஒரு ஹெட்டின் மேல் மெழுகு பென்சிலால் எழுதியிருந்ததை நான் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். அதை அதற்கு முன் படம் எடுக்கவில்லை. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவில் போடாதீர்கள். அது அலுமினியத்தைக் கரைத்துவிடும். கார்புரேட்டர் உடலை அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்வது போர்ட், கிராங்க், கார்புரேட்டர் ஆகிய மூன்றுக்கும் ஆகாது. கையால் பளபளப்பாக்கிய பரப்பு சொரசொரப்பாகிவிடும், எண்ணெய்த் துளைகளில் மணல் தங்கி பேரிங்கைத் தின்னும். மக்னீசியம் என்று சந்தேகம் வரும் பாகத்தைக் கிரைண்டரில் வைக்கவே கூடாது. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது.

கழுவி உலர்த்திய இரும்புப் பாகத்தில் அதே நாளில் எண்ணெய் தடவ வேண்டும். சென்னைக் கடற்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சிலிகா ஜெல் போட்ட பெட்டியில், பழைய சீட்டோடு வையுங்கள்.

9. எதை வைப்பது, எதைக் கொடுப்பது

பாகங்களைத் தனித்தனியாக எடை போடாமல் தொகுதியாகப் பாருங்கள். சிலிண்டர், அதற்குரிய பிஸ்டன், ஹெட், ஜெட், சைலன்சர், நோட்டுப் பக்கத்தின் நகல் ஆகியவை சேர்ந்தால்தான் அது அவருடைய வேலை. பிரித்தால் வெறும் பழைய உலோகம். கொடுப்பதானால் தொகுதியாகவே கொடுங்கள், வாங்குபவரும் அப்படி வைத்திருக்கச் சம்மதிக்க வேண்டும்.

காகிதங்களையும் முடித்துக்கொள்ளுங்கள். பதிவு எண் உள்ள வண்டி அவர் பெயரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 தேவை. இன்ஜின் எண்ணுள்ள கிராங்க் கேஸை, பதிவுச் சான்றோடு ஒப்பிடாமல் யாருக்கும் விற்காதீர்கள். பந்தயத்துக்காக மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும் சிக்கல். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதி 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு உதவும் என்றாலும், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளை அது ஏற்காது. அந்த விதியில் கிடைக்கும் 'வி.ஏ.' பதிவு எண்ணுக்காக அப்பாவின் வேலையைப் பிடுங்கி ஸ்டாக் இன்ஜின் மாட்ட வேண்டுமா என்று குடும்பத்தில் யோசித்து முடிவெடுங்கள். நான் மாட்டவில்லை.

10. ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால்

எல்லா இன்ஜினையும் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓட்டுவதானால் மிகச் சிறந்த தொகுதியை விட்டுவிட்டு இரண்டாம் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினல் பிஸ்டனை எடுத்து வைத்துவிட்டு, அதன் அளவுக்குப் புதுப் பிஸ்டன் போடுங்கள்.

கிராங்க் ஆயில் சீல்களைக் கட்டாயம் மாற்றுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பழைய சீல் காற்றை உள்ளே விடும். கலவை ஒல்லியாகி, சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சீல் நன்றாக இருப்பதுபோலவே தெரியும் என்பதால்தான் புதியவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

நோட்டில் உள்ள ஜெட் எண்ணை அப்படியே போடாதீர்கள். அவருடைய எண்ணெல்லாம் அவருடைய எரிபொருளுக்கு உரியது. மெத்தனாலுக்கு பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேல் எரிபொருள் தேவை. எனவே பாட்டிலில் விநோதமாகப் பெரிய துளையுள்ள ஜெட் இருந்தால் அது மெத்தனாலுக்கானதாக இருக்கும், அதைப் பெட்ரோலில் போட்டால் இன்ஜின் மூச்சுத் திணறும். இன்று பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலோ எத்தனால் கலந்தது. அதே ஜெட்டில் அது கலவையை ஒல்லியாக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். எனவே நோட்டில் உள்ள பெட்ரோல் ஜெட்டுக்கு இரண்டு அளவு பெரியதில் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள். டைமிங்கையும் முதல் ஓட்டத்தில் அவர் எழுதியதைவிட இரண்டு டிகிரி தாமதமாக வையுங்கள்.

எண்ணெய்க் கலவையை நோட்டின்படி வையுங்கள். 'லிட்டருக்கு 50' என்றால் இருபதுக்கு ஒன்று. முதல் ஓட்டம் அரைத் த்ராட்டிலுக்கு மேல் போகாமல் பத்து நிமிடம் போதும். முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் (இறுக்கும் விசை) பார்த்து இறுக்குங்கள். புது கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து, தேதி, ஜெட், டைமிங், எண்ணெய், வெயிலா மேகமூட்டமா என்பதை உங்கள் நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகே இரண்டாம் ஓட்டம்.